பத்து நாற்பது

அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் கைத்தடியைக் கவுன்டரின் மேல் குறுக்கே வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினார். ஏழு மாடி படியிறங்கி வந்த மூச்சு அவருக்கு இன்னும் அடங்கவில்லை.

"லிஃப்ட் கம்பெனிக்கு லெட்டர்மா. கொஞ்சம் காரமா இருக்கணும்."

"காரம் நீங்க எழுதினதுல இருந்தாத்தான் சார். நான் வெறும் டைப்பு" என்று சொல்லி அவள் தாளை ஸ்டாண்டில் செருகினாள்.

பன்னிரண்டு வருடமாக அந்த டைப்பிங் சென்டரில் உட்கார்ந்திருக்கிறவள். எதையும் படித்து அடிக்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. கண் எழுத்தைப் பார்க்கும், விரல் அடிக்கும், நடுவில் மனசுக்கு வேலை இல்லை. அர்த்தம் புரிந்து அடிக்க ஆரம்பித்தால் வேகம் போய்விடும். அதைவிட, அந்தக் கடைக்கு வருகிற காகிதங்களை அர்த்தம் புரிந்து அடித்தால் சாயங்காலம் வீட்டில் சோறு இறங்காது. விவாகரத்து மனு, இரங்கல் அறிவிப்பு, வேலையை விட்டு நீக்குகிற உத்தரவு, அறுபத்தைந்து வயதில் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டு ஒருவர் எழுதிய பதினெட்டு பக்கம், அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கான நோட்ஸ், எல்லாம் அவள் விரல்கள் வழியாகப் போயிருக்கின்றன. ஒன்றும் தங்கியதில்லை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் விரல்கள் சும்மா இருப்பதும் இல்லை. பஸ்ஸில் முன் சீட்டின் கம்பி மேல், குழம்பு கொதிக்கும்போது மேடையின் மேல், தூக்கம் வருவதற்கு முன்னால் புருஷனின் முதுகின் மேல், எதையாவது தட்டிக்கொண்டே இருக்கும். அவன் அவளுக்கு வைத்த பெயரே 'டக்டக்கு'.

ஐந்து நிமிடத்தில் கடிதம் முடிந்தது. அடித்ததை வாடிக்கையாளருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும் என்பது கடையின் விதி. அவள் திரையைப் பார்த்துப் படித்தாள்.

"இன்று காலை பத்து நாற்பது மணிக்கு, எங்கள் கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்த தங்கள் மெக்கானிக்கை, எட்டாவது மாடியில் நகை காணாமல்போனது தொடர்பாகப் போலீசார் அழைத்துச் சென்றுவிட்டனர். லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் பூட்டப்பட்டு நிற்கிறது. சாவி மேற்படி மெக்கானிக்கின் பையில் உள்ளது. அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. இடது புருவத்தில் தழும்பு உள்ளவர். எதற்கெடுத்தாலும் மணி பார்த்து நோட்டில் எழுதுகிற..."

அங்கே அவள் குரல் நின்றது.

"பழக்கமுள்ளவர்" என்று செயலாளர் எடுத்துக் கொடுத்தார். "என்னம்மா, எழுத்து புரியலையா?"

புரியாமல் என்ன. ஆறு வருடமாக அந்தத் தழும்பைப் பார்த்துத்தான் அவள் கண் விழிக்கிறாள். அடிக்கும்போது தடுக்காமல் போன வார்த்தை, படிக்கும்போது நெஞ்சில் வந்து மோதியது.

"சார், எந்த ஸ்டேஷன்?"

"எதுக்கும்மா?"

"அவர் என் வீட்டுக்காரர்."

செயலாளர் கைத்தடியை எடுக்கப் போய் அது உருண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுக்க முழங்கால் இடம் கொடுக்கவில்லை. அவளே எடுத்துக் கொடுத்தாள். "நான் புகார் குடுக்கலம்மா" என்றார் அவர், கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "எட்டாவது மாடி அம்மாவுக்கு நெக்லஸைக் காணோம். ரெண்டு நாளா வெளியாள்னு கட்டடத்துக்கு வந்தவர் இவர் ஒருத்தர்தான்னு அவங்க எழுதிக் குடுத்துட்டாங்க. போலீஸ்காரர் கையைப் பிடிச்சு இழுக்கறார், இவர் 'ஒரு நிமிஷம் சார்'னு சொல்லி நோட்டுல மணி எழுதறார். எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"அந்தப் பத்து நாப்பது சரியான நேரமா சார்?"

"நான் வாட்ச் பாத்துத்தாம்மா எழுதினேன். எழுத்துல குடுக்கறப்ப நான் உத்தேசமா எதையும் எழுத மாட்டேன்."

ஓனர் உள்ளிருந்தே, "நீ கிளம்பும்மா, கடையை நான் பாத்துக்கறேன்" என்றார்.

ஸ்டேஷன் வாசலுக்கு அவள் போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே அத்தை அங்கே நின்றுகொண்டிருந்தாள். போனில் விஷயத்தைக் கேட்டதுமே ஆட்டோ பிடித்து வந்திருந்தாள். இப்போது மருமகளைப் பார்த்ததும் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "உள்ள போனதும் பேசாத. நான் கால்ல விழறேன். வயசானவ விழுந்தா மனசு இளகும். நீயும் பக்கத்துல அழு."

"எதுக்கு அத்தை விழணும்? அவர் என்ன பண்ணினார்?"

"பண்ணினவன் எதுக்குடி விழறான், அவன் ஓடிடுவான். பண்ணாதவன்தான் விழணும்."

அத்தை சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிற மாதிரியும் இருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று பிறகு தோன்றியது. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ரொம்ப நாள் பழகினவர் மாதிரி பேசினார். "கைதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. சும்மா விசாரணை. நாலு கேள்வி கேட்டுட்டு அனுப்பிடுவோம். நீ போய் வீட்டைப் பாரு."

"எப்ப சார் அனுப்புவீங்க?"

"சாயங்காலம். இல்ல நாளைக்கு. பதில் சொல்றதைப் பொறுத்து."

பக்கத்து மேஜையில் ஒரு ரைட்டர், ஒரே விரலால் கீபோர்டில் எழுத்தைத் தேடித் தேடி அடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் அவளைத் தொந்தரவு செய்தது. இப்படி வைத்திருக்கக் கூடாது என்று எங்கேயோ இருக்கிறது, அவளுக்குத் தெரியும், ஆனால் வாய்க்கு வரவில்லை. வாய் 'அது வந்து சார்' என்பதிலேயே நின்றது. பின்னால் அத்தையின் முழங்கால் மடங்க ஆரம்பிப்பது கண்ணோரத்தில் தெரிந்தது.

அப்போதுதான் அவள் விரல்கள் மேஜையின் விளிம்பில் தட்ட ஆரம்பித்தன. அவள் தட்டவில்லை, அவையே தட்டின. பரீட்சை நோட்ஸ், அரசமைப்புச் சட்டம், மூன்றாவது பாடம், அடிப்படை உரிமைகள். தப்பு இருக்கிறது என்று டுடோரியல்காரர் நாலு தடவை திருப்பி அனுப்பி, நாலு தடவையும் முதலிலிருந்து அடித்த பாடம். கண்ணை மூடிக்கொண்டாள். விரல் முன்னால் போக, வாய் பின்னாலேயே போனது.

"கைது செய்யப்பட்டு... காவலில் வைக்கப்பட்ட எவருக்கும்... அதற்கான காரணத்தை... உடனே தெரிவிக்க வேண்டும். தான் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளும் உரிமையை... மறுக்கக் கூடாது. இருபத்துநான்கு மணி நேரத்துக்குள்... அருகிலுள்ள நீதிமன்ற நடுவர் முன்... நிறுத்த வேண்டும். நடுவரின் அனுமதியின்றி... அதற்கு மேல் வைத்திருக்கக் கூடாது." கடைசியில் முற்றுப்புள்ளியையும் தட்டிவிட்டுக் கண்ணைத் திறந்தாள்.

ரைட்டரின் விரல் அந்தரத்தில் நின்றிருந்தது. அத்தை பாதி மடங்கிய முழங்காலோடு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "வக்கீலுக்குப் படிச்சிருக்கியா?"

"இல்ல சார். டைப் அடிச்சிருக்கேன்."

"டைப் அடிச்சது எல்லாம் இங்க நடக்குமா? அதான் கைதே இல்லைங்கறேனே. கைது இல்லாதப்ப என்ன இருபத்துநாலு மணி நேரம்?"

அதற்குப் பதில் அவள் அடித்த பாடத்தில் இல்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றாள். கோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவி மையம் என்று ஒன்று உண்டு. அவர்களுடைய அறிவிப்புப் பலகைக்கு வாசகம் அடித்தது அவள்தான். நம்பர் நினைவில்லை. ஆனால் போனை எடுத்து வலது கையில் வைத்ததும் கட்டைவிரல் பத்து எண்ணையும் தானாகப் போட்டுவிட்டது. எடுத்த பெண்குரலிடம் அவள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

முக்கால் மணி நேரத்தில் வக்கீலம்மா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். அவளைவிட நாலைந்து வயது சின்னவளாக இருப்பாள். தலையில் ஹெல்மெட் அழுத்திய கோடு. கேட்டதையெல்லாம் மறுபடி கேட்டு, "கைதுன்னு எழுதாம உள்ள வெச்சிருந்தா கடிகாரம் ஓடலைன்னு அவங்க நெனப்பு" என்றாள். "நாளைக்குச் சாயங்காலம் 'இப்பத்தான் பிடிச்சோம்'னு எழுதி, அதுலேர்ந்து இருபத்துநாலு கணக்குப் பண்ணுவாங்க. அதுக்குள்ள ஒரு வாக்குமூலம் வாங்கிடலாம்னு பாப்பாங்க. நாம இப்பவே கடிகாரத்தை ஓட விட்டுடணும். பத்து நாப்பதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க, நாளைக்குப் பத்து நாப்பதுக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி கொண்டுவாங்கன்னு ஒரு மனு. ரெண்டு வரி போதும். ஒரு காப்பி கோர்ட்டுக்கும் போயிடும்."

"அவரை அடிப்பாங்களாம்மா?" அத்தை கேட்டாள். அதுவரை யாரும் சொல்லாத வார்த்தை அது.

வக்கீலம்மா ஹெல்மெட்டை ஸ்கூட்டர் கண்ணாடியில் மாட்டினாள். "நேரம் எழுத்துல ஏறிட்டா கை கொஞ்சம் அடங்கும் பாட்டிம்மா" என்றாள்.

"பாட்டியா? எனக்கு அம்பத்தொம்பதுதான்" என்றாள் அத்தை. அவ்வளவு பதற்றத்திலும் அது ஒன்றை மட்டும் அவளால் விட முடியவில்லை.

மனுவை வாங்கிக்கொண்ட ரைட்டர் நகலில் முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார். வாங்கிப் பார்த்தாள். தேதி இருந்தது.

"நேரம் போடுங்க சார்."

"தேதி இருக்கே."

"நேரமும் போடுங்க."

சொன்ன பிறகுதான் அது யாருடைய குரல் என்று அவளுக்கு உறைத்தது. ஆறு வருடமாக அவள் கேலி செய்துவந்த குரல். தண்ணீர்த் தொட்டி நிரப்பினால் ஒரு சீட்டு, கேஸ் மாற்றினால் ஒரு சீட்டு, எல்லாவற்றிலும் மணி. பேச வேண்டியதைப் பேசாமல் எழுதி ஒட்டுகிற மனுஷன். அன்று காலை நடந்த சண்டையும் அதற்குத்தான். அக்காவின் புது வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமையாகச் சொல்லி, மூன்று ஞாயிறும் எங்கேயோ ஒரு லிஃப்ட் நின்றுபோய், அவன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவள் கத்தினாள். அவன் பேசவில்லை. பேசாதவனோடு சண்டை போடுவது சுவரில் பந்தடிக்கிற மாதிரி, களைப்பு அடிக்கிறவளுக்குத்தான். கடைசியில் ஒரு சீட்டை எடுத்து 'சண்டை ஆரம்பம்: 7.15' என்று எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டு வேலைக்கு வந்துவிட்டாள்.

ரைட்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து 1.50 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வக்கீலம்மா இன்ஸ்பெக்டரிடம் ஏதோ மெதுவாகப் பேசி இரண்டு நிமிடம் வாங்கினாள். பின்கட்டு அறையில் ஒரு பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். காலில் ஷூ இல்லை, இடுப்பில் பெல்ட் இல்லை. பொருட்காட்சியில் தொலைந்துபோன பிள்ளை மாதிரி இரண்டு கையையும் தொடைமேல் வைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"லிஃப்ட் மூணுக்கும் நாலுக்கும் நடுவுல நிக்குது" என்றான் முதல் வார்த்தையாக. "யாராவது கதவை நெம்பிடப் போறாங்க. சொல்லி வை."

"லிஃப்ட் கிடக்கட்டும். அடிச்சாங்களா?"

"இல்ல. ஒரு பேப்பர் குடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க. நான் போடல."

"ஏன், என்ன எழுதியிருந்தது?"

"ஒண்ணும் எழுதல. நேரம் இல்ல, தேதி இல்ல. வெறும் பேப்பர். நேரம் போடாத பேப்பர்ல எப்படிக் கையெழுத்துப் போடறது?"

உலகத்திலேயே அது ஒன்றுதான் கஷ்டமான விஷயம் என்பதுபோல அவன் கேட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் இரண்டு நிமிடம் முடிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அவள் செயலாளரின் கட்டடத்துக்குப் போனாள். தரைத்தளத்தில் லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில், சுவிட்சுப் பெட்டியின் மேல் அவன் பூட்டுத் தொங்கியது. வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு மெக்கானிக்கும் தன் சொந்தப் பூட்டைப் போட வேண்டும், ஒரே சாவி, போட்டவன்தான் திறக்க வேண்டும். உள்ளே ஆள் இருக்கும்போது வெளியே எவனாவது சுவிட்சைப் போட்டுவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. கல்யாணமான புதிதில் அவன் அதை விளக்கியபோது அந்தச் சாவியில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிக் கொடுத்தவள் அவள். பூட்டுக்கு மேலே ஆணியில், வேலைக் குறிப்பு எழுதுகிற லாக் புக். திறந்து பார்த்தாள். '10.40. வேலை நிறுத்தம். காரணம்: போலீஸ். லிஃப்ட் 3க்கும் 4க்கும் நடுவில். யாரும் தொட வேண்டாம்.' அடியில் கையெழுத்து. எழுத்து எப்போதும்போல் நேராக இருந்தது. 'போலீஸ்' என்ற வார்த்தை மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

ஏழு மாடி ஏறினாள். செயலாளர் கதவைத் திறந்தபோது முழங்காலில் வெந்நீர்ப் பை கட்டியிருந்தார்.

"கம்பெனியில நேர்லயே குடுத்து முத்திரை வாங்கிட்டேன்மா, பன்னெண்டு அஞ்சுக்கு" என்றார், அவள் கேட்பதற்கு முன்பே. "என்ன சொல்றாங்க தெரியுமா? பூட்டுப் போட்டவர்தான் திறக்கணுமாம். அவர் இல்லைன்னா ரெண்டு எஞ்சினியர் வந்து பாத்துக் கையெழுத்துப் போட்டு, மூணு நாள் ஆகுமாம். என் முழங்கால் மூணு நாள் தாங்குமா?"

"சார், நாளைக்குக் கோர்ட்டுக்கு வந்து அந்த நேரத்தை மட்டும் சொல்வீங்களா?"

அவர் முகம் மாறியது. எட்டாவது மாடிப் பக்கம் கண்ணை உயர்த்தினார். "அவங்க சங்கத்துல பெரிய ஆளும்மா. அவங்களுக்கு எதிரா நான் சாட்சி சொன்னேன்னு ஆயிடும்."

"யாருக்கும் எதிரா ஒண்ணும் சொல்ல வேண்டாம் சார். அவர் நல்லவர்னுகூடச் சொல்ல வேண்டாம். மணி என்னன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "தண்ணி குடிச்சிட்டுப் போம்மா" என்றார்.

மறுநாள் ஒன்பதரைக்கே அவளும் அத்தையும் கோர்ட் வராந்தாவில் இருந்தார்கள். அத்தை மகனுக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுவந்திருந்தாள். மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அறைக்குள் சுவரில் ஒரு வட்டக் கடிகாரம். பத்து மணிக்கு மாஜிஸ்திரேட் வந்து உட்கார்ந்தார். ஜலதோஷம் போல, கைக்குட்டையை மேஜைமேலேயே வைத்துக்கொண்டார். ஒவ்வொரு வழக்காகக் கூப்பிட்டார்கள். பத்து பத்து. பத்து பதினைந்து. வாசலில் ஜீப் எதுவும் வரவில்லை.

"நாப்பதுக்குள்ள கொண்டுவரலைன்னா?" அவள் கிசுகிசுத்தாள்.

"கொண்டுவருவாங்க" என்றாள் வக்கீலம்மா. ஆனால் அவளும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் விரல்கள் பெஞ்சின் விளிம்பில் தட்டிக்கொண்டே இருந்தன. இருபத்துநான்கு மணி நேரத்துக்குள். இருபத்துநான்கு மணி நேரத்துக்குள். பரீட்சைக்காரர்கள் மனப்பாடம் செய்து, ஒரு மார்க் வாங்கி, மறந்துவிடுகிற வரி. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இப்போது மூன்று பேரும் தொங்குகிறார்கள் என்று நினைத்தாள். யாரோ எப்போதோ எங்கேயோ உட்கார்ந்து, மாதத்துக்குள் என்றோ, கூடிய சீக்கிரம் என்றோ எழுதியிருக்கலாம். எழுதாமல் மணிக்கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார்கள். அவர்களும் நம் வீட்டு ஆள் மாதிரி லாக் புக் ஜாதிதான் போல.

பத்து இருபத்திரண்டுக்கு ஜீப் வந்தது.

அத்தை எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். அவன் நடந்து வந்தான். காலில் ஷூ இருந்தது, லேஸ் இல்லை. தானாகவே நடந்தான், நொண்டாமல். அவள் அவன் உச்சியிலிருந்து பாதம்வரை இரண்டு தடவை பார்த்த பிறகுதான் மூச்சை விட்டாள்.

இன்ஸ்பெக்டர் காகிதத்தை நீட்டினார். இன்று காலை ஏழு மணிக்குக் கைது. மேலும் விசாரிக்க ஐந்து நாள் போலீஸ் காவல் வேண்டும். மாஜிஸ்திரேட் படித்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவனை நேராகப் பார்த்தார்.

"உங்களை எப்பக் கூட்டிட்டு வந்தாங்க?"

"நேத்துக் காலையில பத்து நாப்பதுங்க."

"என்ன காரணம்னு சொன்னாங்களா?"

"ஸ்டேஷனுக்கு வான்னாங்க. என்னன்னு கேட்டேன். வந்தா தெரியும்னாங்க."

"பத்து நாப்பதுன்னு எப்படிச் சரியாச் சொல்றீங்க?"

"லாக் புக்ல எழுதினேனுங்க. வேலையை நடுவுல நிறுத்தினா நேரமும் காரணமும் எழுதணும்."

"அது அவர் எழுதின நோட்டு ஐயா, என்ன வேணா எழுதலாம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

வக்கீலம்மா முத்திரை போட்ட மனுவின் நகலோடு எழுந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அறையின் கடைசியில் ஒரு கைத்தடி தரையில் தட்டும் சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். செயலாளர் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை.

"ஐயா, மன்னிக்கணும். நான் யார் பக்கமும் இல்ல. எனக்கு லிஃப்ட் வேணும். ஆனா நேத்து பத்து நாப்பதுக்கு இவரைக் கூட்டிட்டுப் போனதை நான் பாத்தேன். அப்பவே லெட்டர் எழுதினேன், டைப் அடிச்சேன், லிஃப்ட் கம்பெனியில குடுத்து முத்திரையும் வாங்கினேன். அந்த நேரத்துலேர்ந்து இது வரைக்கும் அஞ்சு தடவை ஏழு மாடி ஏறி இறங்கியிருக்கேன். என் முழங்காலுக்கு அந்த நேரம் நல்லாத் தெரியும்."

அறையில் சிரிப்பு எழுந்தது. மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை, கைக்குட்டையை மூக்கில் கொஞ்ச நேரம் அதிகமாக வைத்துக்கொண்டார். பிறகு கடிதத்தை வாங்கிப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். மனுவின் 1.50ஐப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தார். பத்து முப்பத்தாறு.

"இன்னும் அஞ்சு நிமிஷம் தாண்டியிருந்தா, இன்ஸ்பெக்டர், நாம வேற மாதிரி பேசிட்டிருப்போம்" என்றார். குரல் உயரவே இல்லை. "ஏழு மணின்னு ஏன் எழுதினீங்கன்னு எழுத்துல விளக்கம் குடுங்க. இவர்கிட்ட எதுவும் கைப்பற்றலை. வெளியாள்ங்கறதைத் தவிர இவர் மேல வேற எதுவும் இல்லை. காவல் கிடையாது. சொந்தப் பிணையில விடறேன். கூப்பிட்டா விசாரணைக்கு வரணும்" என்று அவனைப் பார்த்தார். "வருவீங்களா?"

"வருவேனுங்க. நேரம் சொல்லிட்டாங்கன்னா போதும்."

பிணைப் பத்திரம் எழுதி முடிந்ததும் அவனிடம் நீட்டினார்கள். அவன் முழுவதையும் படித்தான். தேதி இருந்தது, நேரம் இருந்தது. கையெழுத்துப் போட்டான்.

வராந்தாவில் அத்தை டப்பாவைத் திறந்து அங்கேயே ஊட்ட ஆரம்பித்துவிட்டாள். "அம்மா, எல்லாரும் பாக்கறாங்க." "பாக்கட்டும். என் பிள்ளை சாப்பிடறதைப் பாக்க யாரும் மனு போட வேண்டியதில்லை." வக்கீலம்மா விடைபெறும்போது, "கேஸ் முடியலை, நெக்லஸ் கிடைக்கற வரைக்கும் பேர் அதுல இருக்கும்" என்று ஞாபகப்படுத்தினாள். அத்தை அவள் வாயிலும் ஒரு கவளம் வைத்துவிட்டாள். "பாட்டின்னு சொன்னதுக்கு மன்னிச்சிட்டேன். சாப்பிடு."

செயலாளர் சற்றுத் தள்ளி, கைத்தடியை ஊன்றிக்கொண்டு, ஆட்டோவோடு காத்திருந்தார். "வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டே வரட்டும்மா, அவசரமில்ல" என்றார், அவசரம் முழுவதும் முகத்தில் தெரிய.

"குளிக்கறதை அப்புறம் பாத்துக்கலாம். நடுவுல நிக்குது" என்றான் அவன்.

ஸ்டேஷனில் திருப்பிக் கொடுத்த பொருட்களில் அந்தச் சாவியும் இருந்தது. சிவப்பு நூல் கொஞ்சம் அழுக்கேறியிருந்தது. ஒரு மணி நேரம் வேலை நடந்தது. அவன் ஏதோ இரண்டு கம்பிகளை இறுக்கினான். கடைசியில் பூட்டைத் திறந்து, சாவியை அதிலேயே விட்டு, சுவிட்சைப் போட்டான். மேலே எங்கோ ஒரு முனகல் கேட்டது. பிறகு லிஃப்ட், தூக்கத்திலிருந்து எழுந்த ஆள் மாதிரி, மெல்லக் கீழே வந்து நின்றது. படிக்கட்டில் கூடியிருந்த நாலைந்து பேர் கை தட்டினார்கள். அவன் லாக் புக்கை எடுத்து, நேற்றைய வரிக்கு நேர் கீழே '11.50. வேலை தொடக்கம். 12.50. லிஃப்ட் ஓடுகிறது' என்று எழுதினான்.

"ஒவ்வொரு மாடியா நிறுத்திப் பாக்கணும். அப்புறம்தான் ஜனங்களை ஏத்தலாம்" என்று உள்ளே போனான். அவளும் ஏறினாள். "நீ எதுக்கு?" என்றான். "நேத்திலேர்ந்து உங்களைத் தனியா எங்கயும் அனுப்பறதா இல்ல" என்றாள் அவள்.

கதவு மூடியது. முதல் மாடி, இரண்டாவது மாடி. ஒவ்வொன்றிலும் கதவு திறந்து மூடும்வரை அவன் தரையைக் குனிந்து பார்த்தான். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் இருவருமே மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். லிஃப்ட் நிற்கவில்லை.

"வீட்டுல ஃப்ரிட்ஜ் மேல ஒரு சீட்டு இருக்கு. பாத்தீங்களா?"

"பாத்தேன். அதுல 'முடிவு'ன்னு ஒரு வரி போட்டுட்டுத்தான் வந்தேன். நேரம் எழுதல."

"நான் பாக்கவே இல்லையே."

"சின்னதா எழுதியிருந்தேன்" என்றான். எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்தாவது மாடி தாண்டியதும், "உள்ள உக்காந்திருந்தப்ப முதுகுல ஒண்ணுமே தட்டல. அதான் தூக்கம் வரல" என்றான், கதவிடம் சொல்வதுபோல.

அவன் ஆறு வருடத்தில் தன்னைப் பற்றிப் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். அவள் கை அவன் முதுகுக்குப் போனது. விரல்கள் தாமாகவே தட்ட ஆரம்பித்தன. இந்தத் தடவை என்ன தட்டுகிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

எட்டாவது மாடியில் கதவு திறந்தது. எதிரே அந்த அம்மா நின்றிருந்தாள். கையில் ஒரு துணிப்பை. நேற்றிலிருந்து அவள் கீழே இறங்கியிருக்கவில்லை என்பது உலர்ந்த உதட்டிலும் கலைந்த முடியிலும் தெரிந்தது. உள்ளே இருப்பது யார் என்று பார்த்ததும் அவள் கண் தரைக்குப் போனது. முதுகின் மேல் விரல்கள் நின்றுவிட்டன.

அவன் ஒரு அடி ஒதுங்கி இடம் விட்டான். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்டைச் சரிசெய்தாலும் முதல் ஆளிடம் சொல்வதையே சொன்னான்.

"ஏறலாம்மா. சரியாயிடுச்சு."

கதவு மூடிக்கொள்ளப் பார்த்தது. அவள் அவன் முதுகிலிருந்த கையை நீட்டி, கதவைத் திறந்தே வைக்கிற பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மாவின் ஒரு பாதம் வாசற்படியின் உலோகப் பட்டையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. பொத்தானைச் சுற்றி இருந்த சின்ன வெளிச்சம் அவள் விரல் நுனியைச் சிவப்பாக்கியது.